திருப்பிப் போட்ட நாற்காலி

எழுபத்தொன்பதாம் வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை, சங்கக் கூட்டத்தின் நடுவில் சின்னமுத்து வாத்தியார் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்போது மேசையில் இருந்த தீர்மானம் அவரைப் பற்றியது. பதினோரு வருஷமாக மலையிலேயே கிடக்கும் அவரைப் போடியில் ஒரு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளை கேட்கிற தீர்மானம். அவருக்காக நாங்கள் போட்டது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லாவிட்டால் கும்பிடவாவது செய்வார் என்று நினைத்தோம். முதுகை யாரும் எதிர்பார்க்கவில்லை.

சங்கம் கூடுகிற மாடி அறைக்குக் கீழே ஏலக்காய்க் கிட்டங்கி. ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் அறை முழுக்க ஏலக்காய் வாசம்தான்.

"கோவிச்சுக்கிட்டாராண்ணே?" என்று சுப்புத்தாய் டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"கோவமா? கண்ணு கலங்கிருச்சும்மா மனுசனுக்கு. நாம பாத்துறக் கூடாதுன்னு திரும்பிக்கிட்டாரு" என்றார் செயலாளர் ஜக்கையன். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒருமனதா நிறைவேறியதுன்னு எழுதுய்யா" என்றார்.

கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்பதால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எழுதினேன். 'சம்பந்தப்பட்ட உறுப்பினர் நெகிழ்ச்சியுடன் ஒப்புதல் அளித்தார்' என்று கூடுதலாக ஒரு வரியும் எழுதினேன். அந்த வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதுகைப் பார்த்து நானாக எழுதியது.

சின்னமுத்து பிறந்தது அடுக்குப்பாறைக் குடியில். குரங்கணியில் ஜீப்பு நின்றுவிடும். அங்கிருந்து நாலு மணி நேரம் ஏறினால் முப்பது வீடு. கீழே இருப்பவர்கள் 'மலைக்காரங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிற சனங்கள். ஏழு வயதில் அப்பாவோடு ஏலக்காய் மூட்டைக்குத் துணையாகப் போடிக்கு இறங்கி வந்தவருக்குக் கால் வீங்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் பள்ளி விடுதி ஒன்றில் சேர்த்துவிட, அப்பா மட்டும் திரும்பி ஏறினார். கால் சரியாகிச் சின்னமுத்து ஊரோடு மேலே போனபோது பள்ளிப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடிந்திருந்தன. இடையில் லீவுக்குப் போய்வந்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அறுபத்தெட்டில் அந்தக் குடியிலேயே ஓராசிரியர் பள்ளி திறந்தார்கள். அவர்தான் வாத்தியார். எங்கள் வட்டாரத்தில் மலையில் பிறந்த வாத்தியார் அவர் ஒருவர்தான்.

சங்கத்துக்கும் அவருக்கும் தொடுப்பு ஏற்பட்டது ஓர் உருமாலால். அந்தக் குடியில் ஆண்பிள்ளை வளர்ந்து ஆளாகிவிட்டால் தலையில் உருமால் கட்டுவார்கள். பெரியவர்கள் முன்னால் அதை அவிழ்ப்பது மரியாதை இல்லை. எழுபத்து நாலில் ஆய்வுக் கூட்டம் ஒன்றில், புதிதாக வந்த அதிகாரி, "தலைத்துணியை எடுத்துட்டு உள்ள வாய்யா" என்று சொல்லியிருக்கிறார். சின்னமுத்து எடுக்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. வராந்தாவில் நின்றபடியே கூட்டம் முழுவதையும் கேட்டார். அடுத்த கூட்டத்திலும் வராந்தா. அதற்கடுத்த கூட்டத்தில்தான் ஜக்கையன் அவரைக் கவனித்தார். விசாரித்தவர் நேராக உள்ளே போய், "துணிய எடுத்தாத்தான் பாடம் ஏறுமோ? அப்பச் சரி, நீங்க மூக்குக் கண்ணாடியக் கழட்டுங்க சார், நானும் பாக்குறேன், உங்களுக்கு எம்புட்டு ஏறுதுன்னு" என்றாராம். அன்றிலிருந்து சின்னமுத்துவுக்கு உள்ளே இடம்.

ஜக்கையன் அப்படிப்பட்டவர். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அந்த வருஷமே செயற்குழுவில் 'மலைப்பகுதி ஆசிரியர் பிரதிநிதி' என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார். மலைப் பள்ளிகளில் கீழேயிருந்து போட்ட வாத்தியார்கள் மூன்று பேர் இருந்தார்கள். மலையில் இருந்த நாளைவிட அவர்கள் மருத்துவ விடுப்பில் இருந்த நாள் அதிகம். ஆக, பிரதிநிதியும் சின்னமுத்துதான், பிரதிநிதியை வைத்துக்கொண்டிருந்த ஆளும் சின்னமுத்துதான்.

"ஒத்த ஆளுக்கு ஒரு பிரதிநிதியாண்ணே?" என்று சுப்புத்தாய் டீச்சர் சிரித்தார்.

"அந்த ஒத்த ஆளும் பேசணும்லம்மா."

"பேசுனாச் சரிதான்."

ஐந்து வருஷம் அவர் பேசவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, விடியுமுன் குடியிலிருந்து இறங்கி வந்து ஜன்னலோரம் உட்காருவார். "மலைப்பகுதி என்ன சொல்லுது?" என்று ஜக்கையன் கேட்பார். மலைப்பகுதி ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கும். மற்றவர்கள் அதைக் கூச்சம் என்றார்கள். எனக்கும் கூச்சம் உண்டு என்பதால் நான் அதை நம்பினேன்.

மலைக்கு மாறுதல் என்பது அன்றைக்குத் தண்டனை. அலுவலகத்தைப் பகைத்துக்கொண்டவர்களைத்தான் மேலே தூக்கிப் போடுவார்கள். அதனால் அந்த ஏப்ரல் கூட்டத்தில் ஜக்கையன் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. "தப்புப் பண்ணுன நம்மாளு ரெண்டு வருசத்துல கீழ வந்துர்றான். ஒரு தப்பும் பண்ணாத இவரு பதினோரு வருசமா மேல கெடக்காரு. ஏன்? மலையில பொறந்தவன் மலையிலயே கெடக்கணும்னு எந்தச் சட்டத்துலய்யா இருக்கு? இவருக்கு டவுன் ஆசை இருக்கக் கூடாதா? இவரு பிள்ள ஐஸ்கூல் படிக்கக் கூடாதா?" எல்லோரும் மேசையைத் தட்டினோம். அப்போதுதான் சின்னமுத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

உத்தரவு ஜூன் முதல் வாரம் வந்தது. போடியில் ஒரு தொடக்கப் பள்ளி. ஏழு நாளைக்குள் சேர வேண்டும். அவர் இடத்துக்குப் போடப்பட்டவர் உத்தரவு கைக்கு வந்த அன்றே மருத்துவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். சின்னமுத்து மூன்று நாளாகியும் இறங்கவில்லை.

"சண்ட போட்டு வாங்கிக் குடுத்தா மனுசன் எட்டிப் பாக்கலையே. கெடு தாண்டுனாச் சொல்லாம வேலைக்கு வரலைன்னு குறிச்சிருவான்யா. வேலையே போனாலும் போச்சு" என்று ஜக்கையன் பதறினார். "தம்பி, வெரசாப் போய்க் கையோட கூட்டியா."

குரங்கணியிலேயே மழை பிடித்துக்கொண்டது. காலுக்குப் பூச உப்பும் புகையிலையும் குழைத்துக் கொடுத்தார் ஜீப்புக்காரர். அப்படியும் அட்டைகள் ஏறின. மேலே போகப் போகப் பனி மூட்டம் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தது; பத்தடி கொடுக்கும், பிறகு வாங்கிக்கொள்ளும். குடி இருக்கும் இடத்தைக் கண்ணால் காணுமுன் காதால் கண்டேன். வாய்ப்பாடு கேட்டது.

புல் வேய்ந்த பள்ளிக்கூடம். நடுவில் நெருப்பு. சுற்றிலும் இருபது பிள்ளைகள். உருமாலோடு சின்னமுத்து. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நெருப்புக்குக் கிட்ட உக்காருங்க" என்றார். நாலு நாளில் வேலை போகப் போகிறவர்போல இல்லை.

நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒரு பலகை உடைந்தது. சிலேட்டுப் பலகை. "யார்ரா அது?" என்று சின்னமுத்து கேட்டார். ஒரு பையன் எழுந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். உடனே பின்னாலிருந்து பெரிய பெண்ணொருத்தி எழுந்தாள்.

"சார், அவன் வேணும்னு போடல. தொடையில அட்ட ஏறிருச்சு. அத ஒதறும்போது பலக விழுந்துச்சு. தப்பு அட்ட மேலதான்."

"சரி, அட்டயக் கூப்புடு" என்றார் சின்னமுத்து.

"அது நெருப்புல விழுந்துருச்சு சார்."

"அப்பத் தண்டன முடிஞ்சுபோச்சு. டேய், திரும்பு."

பையன் திரும்பினான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரல் மாதத்து நாற்காலி ஞாபகம் வந்தது.

பள்ளி விட்ட பிறகு கேட்டேன். "சார், அன்னிக்குக் கூட்டத்துல வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "என் சோலிய நானே எப்படி சார் பேசுறது?"

அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பொழுது சாயும்போது அவர் மச்சான் திருப்பதி வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோரையும் 'சாரே' என்பார். விஷயத்தை அவர்தான் எனக்கு விளக்கினார்.

அந்தக் குடியில் ஓர் ஆளைப் பற்றிக் கூட்டத்தில் பேச்சு வந்தால், அந்த ஆள் பேசக் கூடாது. முகம் காட்டவும் கூடாது. திரும்பி உட்கார வேண்டும். "மொகத்தப் பாத்துட்டா நெசம் வராது சாரே. பாவம்னு தோணும், இல்லாட்டிப் பயம் தோணும்." அவனுக்காக மச்சான் பேசுவான், இல்லையென்றால் தாய்மாமன். பேசுகிறவன் சும்மா பேசிவிட முடியாது. முதலில் அவன் வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க இருக்க வேண்டும். ஒன்றும் கேட்கக் கூடாது. கஞ்சி குடித்துக்கொண்டு, வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். மற்ற மலைக்குடிகளிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அடுக்குப்பாறையில் இப்படித்தான்.

"உங்க சங்கம் இவனுக்காகப் பேசுதுன்னு சொன்னான். அப்ப அவுகளும் மச்சான் மொறதானேன்னு நான் நெனச்சேன். எப்ப ஏறி வருவாகன்னு பாத்தேன். யாரும் வரல. பேசிட்டாக" என்றார் திருப்பதி.

"உருமால் விஷயத்துக்கும் யாரும் ஏறி வரலையே?"

"அது தலையில இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாக்க வேண்டியதில்ல."

ஐந்து வருஷமாக மாதந்தோறும் அவர் விஷயத்தை அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசக் கூடாத ஒரே ஆளைப் பேச வேண்டிய ஒரே ஆளாக உட்கார வைத்திருந்தோம். ஆனால் ஒரு குழப்பம் தீர்ந்ததும் அதற்கடியில் இன்னொன்று கிடந்தது. அவருக்குப் போக விருப்பம் இல்லை என்று யார் சொன்னார்கள்? முதுகு சம்மதம் இல்லை, சரி. முதுகு மறுப்பும் இல்லையே.

அந்த வீட்டில் கேப்பைக் களியும் கீரையும் வரக்காப்பியும் கொடுத்தார்கள். கதவு என்பது ஒரு தட்டி. சாத்திக் கயிறு போட்டால் போதும். குடி முழுக்க அப்படித்தான். கூரையின் எரவாணத்தில் புத்தம்புதிய பித்தளைப் பூட்டு ஒன்று, காகிதம்கூடப் பிரிக்காமல், நூலில் கட்டித் தொங்கியது. பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஓடை வரைக்கும் வழிகாட்ட அந்தப் பெரிய பெண் வந்தாள். சின்னமுத்துவின் மகள் பொன்னுமணி. ஐந்தாவது முடித்து இரண்டு வருஷம் ஆகிறதாம். அதற்குமேல் அங்கே வகுப்பு இல்லாததால் திரும்பத் திரும்ப ஐந்தாவதே படிக்கிறாள்.

"சார், போடியில ஆறாப்புக்கு எத்தன வாத்தியாரு?"

"அஞ்சாறு பேரு இருப்பாங்க."

"ஆறு பேரும் வேற வேற ஆளா?"

"ஆமா."

கொஞ்சம் தூரம் அதை யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு சொன்னாள். "அப்பா கீழ போனா நான் ஆறாப்பு போவேன். அப்பா போகாட்டி இங்க பள்ளிக்கூடம் இருக்கும்." இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். எது அவளுக்குப் பிடித்தது என்று அந்தக் குரலில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கெடு முடிவதற்கு முந்திய நாள், அவசரக் கூட்டம். சின்னமுத்து வந்தார். கூடவே தோளில் கம்பளியோடு திருப்பதியும் வந்தார். சின்னமுத்து நுழைந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இந்த முறை அவர் ஏன் அப்படி உட்காருகிறார் என்று நான் எழுந்து சொன்னேன். கூட்டத்தில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஜக்கையனுக்கு முகம் சுருங்கியது. "அதெல்லாம் அவுக ஊருல இருக்கட்டும்யா. இது சங்கம். உறுப்பினரு மட்டுந்தான் பேசலாம். மச்சானுக்கெல்லாம் விதியில எடம் கெடையாது."

"ஒங்களுக்கு எந்த விதியில எடம் குடுத்தாக?" என்றார் சுப்புத்தாய் டீச்சர். "அவரு வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கீகளா? நானும் குடிக்கலைண்ணே. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஜக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு திருப்பதி எழுந்தார்.

"நான் திருப்பதி. இவனுக்கு மச்சான். இவன் வீட்டுல ஒரு பகல் இருந்துட்டுத்தான் வந்திருக்கேன். இவன் எறங்குனா அங்க பள்ளிக்கூடம் பூட்டிரும். இவன் எடத்துக்குப் போட்ட வாத்தியாரு லீவு எழுதிட்டாராம்ல? எழுதுவாரு. அட்டைக்கு யாருதான் பயப்படல. பள்ளிக்கூடம் பூட்டுனா முப்பது வீட்டுப் பிள்ளைகளும் காய் பறிக்கத்தான் போகும். அதனால இவன் ஏறணும். இவன் மக எறங்கணும், படிக்கணும். அவளுக்கு எடம் பாக்குறது சங்கத்துப் பொறுப்பு. அம்புட்டுத்தான்."

"அப்ப அவருக்கு டவுனுக்கு வர ஆசையில்லையா?" என்று ஜக்கையன் கேட்டார்.

"இருக்கு" என்றார் திருப்பதி.

ஜக்கையன் நிமிர்ந்தார்.

"ஆசை இருக்கு சாரே. எங்க குடியில எந்த வீட்டுக்கும் பூட்டுக் கெடையாது. இவன் எரவாணத்துல புதுப் பூட்டு ஒண்ணு தொங்குது. போடியில வாடக வீடு பாத்தா மாட்டுறதுக்கு வாங்கியிருக்கான். என்கிட்டச் சொல்லல. நான் கேக்கல. பாத்தேன். அதையும் சேத்துப் பாத்துத்தான் சொல்றேன், ஏறணும்."

"இது அநியாயம்யா!" ஜக்கையன் எழுந்துவிட்டார். "ஆசை இருக்குன்னு தெரிஞ்சும் அவர மேல தூக்கிப் போடுறியே!"

"நீங்க கேக்காம எறக்குனீக. நான் கேக்காம ஏத்துறேன். ஆனா நான் பாத்துட்டு ஏத்துறேன்."

"ரெண்டு பேருமே அவரக் கேக்கலையேய்யா" என்றார் சுப்புத்தாய் டீச்சர்.

எல்லோரும் அந்த முதுகைப் பார்த்தோம். சலவைச் சட்டை, தோள்பட்டையில் ஒரு தையல், உருமாலின் முடிச்சு. ஜக்கையன் அதன் பக்கத்தில் போய் நின்று, அவரிடம் நான் கேட்டறியாத ஒரு குரலில், "சின்னமுத்து, ஒரே ஒரு வார்த்த சொல்லுய்யா. நீ எது சொன்னாலும் அத நான் வாங்கித் தர்றேன்" என்றார். முதுகு அசையவில்லை.

குறிப்பு எழுதுகிற மேசை சுவரோரம் இருந்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்தால் அவர் முகம் தெரியும். பார்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் சாய்த்தேன். கீழே ஜீப்பில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். துக்கம் என்று எழுதலாமா, நிம்மதி என்று எழுதலாமா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூட்டை ஏறி முடிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை, இறங்கவில்லை.

ஓட்டெடுப்பு வைக்கவில்லை. ஜக்கையன் ரொம்ப நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான் சொன்னபடியே எழுது தம்பி" என்றார். "ஒருமனதான்னு போடாத." நான் தீர்மானத்தை எழுதினேன். உறுப்பினரின் ஒப்புதல் என்று வருகிற இடத்தில் ஒரு வரி விட்டேன். அந்த நோட்டில் அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ஜக்கையன் அதிகாரி முன்னால் போய் நின்று, "தப்பு எங்க பேருல" என்றார். "நீங்களே கேப்பீங்க, நீங்களே வேணாம்பீங்க, சங்கமா சந்தையா இது?" என்று அதிகாரி கேட்டதை, வழக்கத்துக்கு மாறாக, பதில் பேசாமல் கேட்டுக்கொண்டார். மாறுதல் ரத்தானது. பொன்னுமணி சுப்புத்தாய் டீச்சர் வீட்டில் தங்கி ஆறாவது சேர்ந்தாள். ஆறு பேரும் வேறு வேறு ஆட்கள்தான் என்று முதல் வாரமே எனக்கு உறுதி சொன்னாள். ஜக்கையன் ஆகஸ்டில் அடுக்குப்பாறைக்கு ஏறினார். ஒரு பகல் முழுக்கச் சின்னமுத்து வீட்டில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததாகவும், தன் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான சோலி எதுவும் பார்த்ததில்லை என்றும் இறங்கி வந்து சொன்னார். என்ன பார்த்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

அதன் பிறகு கூட்டங்களில் மலைப்பகுதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. சின்னமுத்து வந்தார், ஜன்னலோரம் இருந்தார், போனார்.

எண்பத்திரண்டில் சுப்புத்தாய் டீச்சர்மேல் ஒரு புகார் வந்தது. மாதக்கணக்காகத் தாமதமாக வருகிறார், தேவாரம் பக்கம் ஏதாவது கிராமத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவர் பள்ளியிலிருந்தே எழுதிப் போட்டிருந்தார்கள். செயற்குழுவில் அது வந்தபோது டீச்சர் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் பேசுறேன். நேத்து ஒரு பகல் டீச்சர் வீட்டுல இருந்தேன்."

அவருக்கு அவ்வளவு தெளிவான குரல் உண்டு என்பது எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கால் மணி நேரம் பேசினார். டீச்சர் வீட்டுக்காரருக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்து ஏழு மாதமாகிறது என்றார். தெருக்குழாயில் தண்ணீர் எட்டு மணிக்குத்தான் வருகிறது; அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு டீச்சர் கிளம்பும்போது ஒன்பது இருபதுக்குப் போக வேண்டிய பஸ்சு போய்விடுகிறது. டீச்சர் சாப்பிடாமல் வருகிறார். மத்தியானமும் சாப்பிடுவதில்லை; அந்த நேரத்தில் விட்டுப்போன பாடத்தை எடுக்கிறார். அதே ஊரில், நாலு தெரு தள்ளி இருந்த எங்கள் யாருக்கும் இது தெரியாது. அவர் மலையிலிருந்து இறங்கி வந்து தெரிந்துகொண்டிருந்தார்.

பேச்சு தொடங்கிய சற்று நேரத்திலேயே சுப்புத்தாய் டீச்சர் எழுந்தார். யாரும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சேலைத் தலைப்பு மேலே போவது பின்னாலிருந்தே தெரிந்தது. ஜக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் புகார் அதோடு நிற்கும்படி அவர் பார்த்துக்கொண்டார்.

அன்று சின்னமுத்துவை ஜீப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மூன்று வருஷமாக மனசில் கிடந்ததை அங்கேதான் கேட்டேன்.

"சார், அந்தப் பூட்டு என்ன ஆச்சு?"

"பொன்னுமணி பொட்டிக்குப் போட்டுட்டேன் சார். டீச்சர் வீட்டுல வச்சிருக்கா பாருங்க, தகரப் பொட்டி. அதுக்கு."

"அன்னிக்கு உங்க மச்சான் பேசுனது... அது சரிதானா சார்? உங்களுக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சா?"

"என் சோலிய என்கிட்டக் கேக்குறீகளே சார்" என்றார். "மச்சான் வந்தாக் கேளுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் ஜீப்புக்காரர் ஆரனை அடித்துவிட்டதால், அவர் திரும்பிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது தோள்பட்டைத் தையலும் உருமாலின் முடிச்சும்தான்.